மலை வீட்டுக்கு என்ன விலை?

ஜமுனாமரத்தூரில் வீடு வாங்க நினைக்கிறேன். “வீட்டு விலை இறங்கவே இறங்காது, புள்ளிவிவரமே சொல்கிறது” என்கிறார் தரகர். நம்பலாமா?
– வாசகர், போளூர்

அந்தப் புள்ளிவிவரம் உங்கள் மலையைப் பற்றியதே அல்ல. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ல் தொடங்கிய ‘ரெசிடெக்ஸ்’ வீட்டு விலைக் குறியீடு நகரங்களை மட்டுமே அளக்கிறது. ரிசர்வ் வங்கியின் குறியீடும் சென்னை போன்ற பெருநகரங்களின் பத்திரப்பதிவு விவரங்களில் இருந்தே வருகிறது.

பத்திரத்தில் எழுதும் தொகையும் பெரும்பாலும் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். தமிழக அரசு அந்த மதிப்பை 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே ஏற்றியது. அரசாணையால் வந்த இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விலை இறங்காது என்பதும் சரியல்ல. ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்கிராக்ட் கால்வாய்க்கரை வீடுகளின் விலையை 1628 முதல் 1973 வரை தொகுத்திருக்கிறார் பேராசிரியர் பீட் ஐக்ஹோல்ட்ஸ். விலைவாசி உயர்வைக் கழித்தால், மூன்றரை நூற்றாண்டில் கிடைத்தது சுமார் இரண்டு மடங்கு. நடுவில் பெரும் சரிவுகளும் உண்டு.

அவர் செய்ததையே நீங்களும் செய்யலாம்: அதே வீடு முன்பு என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். ஒவ்வொரு கிரயத் தொகையும் தெரியும். கூடவே, அண்மையில் விற்ற அக்கம்பக்கத்தாரிடம் கைக்கு வந்த தொகையைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு பட்டாவைப் பாருங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி கொடுத்த நிலம் என்றால், வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அதற்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.