மகாபலேசுவரப் பயணம்: புறப்படுமுன் அறிய வேண்டியவை

நம் சங்கத்துச் செயற்குழு இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு மகாபலேசுவரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. திட்டம் வகுக்கும் பொறுப்பை, புவியியல் படிக்கிறவன் என்ற ஒரே தகுதியை எண்ணி, என்னிடம் ஒப்படைத்தார்கள். பேருந்து எத்தனை மணிக்கு, அறைக்கு வாடகை என்ன என்பவற்றை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிடலாம். அதற்கு இதழில் இடம் வேண்டியதில்லை. ஆனால் எந்த மாதத்தில் போவது, அங்கே எதைப் பார்ப்பது, எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது. அது தண்ணீர். அதை விளக்கவே இக்கட்டுரை.

"அண்ணா, மழைக்காலத்திலே போனால்தானே அருவியெல்லாம் பார்க்கலாம்?" என்று முதலாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. கொங்கணக் கரையைத் தாண்டியவுடன் சகியாத்திரி மலை சுவர்போல் எதிர்நிற்கிறது. காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்ததும் சுமையை இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது மீண்டும் சூடேறி வறண்ட காற்றாகிவிடுகிறது. நம் ஊர்ப் பக்கத்தில் மூணாற்றுக்கும் தேனிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் இங்கே அந்த வேறுபாடு எவ்வளவு குறுகிய தொலைவில் நிகழ்கிறது என்பதைப் பாருங்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தில் உள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே 19 கிலோமீட்டரில் பஞ்சகனி. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மலையடிவாரத்து வாய் நகரில் அதிலும் பாதிக்குக் குறைவு. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மகாபலேசுவரத்து மழை எத்தகையது என்பது விளங்கும். அதுவும் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரை, நான்கே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அக்காலத்தில் வீட்டுச் சுவர்களைக் காப்பதற்குப் புல் வேய்ந்து மறைப்பது அவ்வூர்ப் பழைய வழக்கம். வெளியூர்க்காரர்கள் மலையை விட்டு இறங்கிவிடுவார்கள்.

ஆகவே தம்பிக்கு விடை இதுதான்: மழைக்காலத்தில் அருவி உண்டு, ஆனால் அதைப் பார்க்கும் கண்ணுக்கு முன்னே மூடுபனி நிற்கும். மலைமுனையில் நின்றால் நம் கை விரல்தான் தெரியும். இதைவிடப் பெரிய காரணமும் ஒன்றுண்டு. 2024 சூன் 30 அன்று லோணாவளாவில் பூசி அணைக்கு அருகே நீரோட்டத்தில் நின்ற புனேக் குடும்பத்தார் ஐவர், திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். 2025 சூன் 15 அன்று குண்டமளாவில் இந்திராயணி ஆற்றின்மேல் இருந்த பழைய இரும்புப் பாலம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூட்டமாக நின்றிருந்தபோது இடிந்து, நால்வர் உயிரிழந்தனர். மழைக்கால மலையோடையின் நீர், நாம் நிற்கும் இடத்தில் பெய்யும் மழையால் மட்டும் பெருகுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மேட்டில் பெய்ததும் சில நிமிடங்களில் வந்து சேரும். மலைப்பாறை தண்ணீரைப் பிடித்துவைப்பதில்லை. முப்பது பேரை அழைத்துச் செல்கிற சங்கம் அந்த நான்கு மாதங்களை நாட்காட்டியில் அடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் ஏப்ரல், மே? ஊரே கோடைக்கு அங்கேதான் ஏறுகிறது. பகற்பொழுதும் இதமாக இருக்கும். இதற்கு விடை சொல்ல, ஏரிக்குப் போக வேண்டும்.

மகாபலேசுவரத்துக்குள் நுழையும்போதே சாலையோரத்தில் வெண்ணா ஏரி வந்துவிடும். படகு, குதிரைச் சவாரி, வறுத்த சோளக்கதிர், எல்லாம் அங்கே உண்டு. பார்ப்பவர்கள் இயற்கை தந்த ஏரி என்றே நினைப்பார்கள். உண்மையில் அது 1842-ல் சாத்தாரா அரசர் அப்பா சாகேப் காலத்தில் கட்டுவிக்கப்பட்டது. மலைநகர ஏரிகள் பலவற்றின் கதை இதுவே. உதகமண்டலத்து ஏரியைச் சலிவன் 1820-களில் வெட்டுவித்தார். கொடைக்கானல் ஏரிக்கு 1863-ல் கரை எழுப்பியவர் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு. மூன்றுக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள்தாம்.

மகாபலேசுவரத்துக்கு முன்கதை ஒன்றும் உண்டு. பம்பாய் கவர்னர் மால்கம், நோயுற்ற வெள்ளைக்காரர்கள் தங்குவதற்காக 1828-ல் இங்கே ஊர் அமைக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் சாத்தாரா அரசர் பிரதாபசிங்கிடமிருந்து இம்மலையை வாங்கிக்கொண்டு, ஈடாகக் கண்டாளா என்ற ஊரைக் கொடுத்தார்கள். இது லோணாவளாவை அடுத்த கண்டாளா அன்று. நாம் போகும் வழியில், கம்பாட்கி மலைப்பாதை ஏறுவதற்கு முன் வருகிற கண்டாளா. பேருந்து அங்கே வரும்போது எட்டிப் பாருங்கள். ஒரு மலைக்கு மாற்றாக மதிக்கப்பட்ட ஊர் அது! பின்னர், மலாய்க் கரைத் துறைமுகங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை இம்மலையில் சிறைவைத்தார்கள். அவர்கள் காய்கறித் தோட்டம் போட்டார்கள், உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1864-ல் சிறை மூடப்பட்டது. 'சீனன் அருவி' என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. கவர்னர்களின் பெயர்களை முனைதோறும் பலகையில் காணலாம். தோட்டம் போட்ட கைதிகளில் ஒருவர் பெயரையும் காண முடியாது.

மீண்டும் ஏரிக்கு வருவோம். நாம் படகு விடும் இந்த வெண்ணா ஏரிதான் மகாபலேசுவரத்துக்கும் பஞ்சகனிக்கும் குடிநீர் தருகிறது. சென்னையைப்போல் நான்கு மடங்கு மழை பெய்யும் மலையில் குடிநீருக்கு ஓர் ஏரி எதற்கு என்று தோன்றும். மலையின் உச்சியில் துளைகள் நிறைந்த செம்பாறைப் படலம். அதன் கீழே கெட்டியான கரும்பாறை. செம்பாறை சிறிதளவு நீரை உறிஞ்சி ஊற்றாகக் கசியவிடுகிறது. மற்றதெல்லாம் சரிவில் ஓடிப் போய்விடுகிறது. மார்ச்சு தாண்டினால் ஊற்றுகள் மெலிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏரி சுருங்கும். அதே நேரத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் கூட்டங்கூட்டமாக ஏறி வருகிறோம். சுற்றிலும் உள்ள சிற்றூர்ப் பெண்கள் குடத்தோடு நடக்கும் காலமும் அதுவே.

ஒரு கணக்குப் போடுவோம். விடுதிக்குத் தண்ணீர் அளவிடும்போது ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்பது நம் நாட்டுக் கட்டடப் பொறியாளர்கள் கொள்ளும் அளவு. முப்பது பேர் இரண்டு நாள் தங்கினால் 10,800 லிட்டர். அதாவது ஏறத்தாழ ஒரு தண்ணீர் லாரி. சென்னையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு தண்ணீர் லாரி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த வரிசையில் குடத்தோடு நின்றவர்கள், இன்னோர் ஊரின் வரிசையை நீளச் செய்யலாமா?

இம்மலைக்கும் சென்னைக்கும் இதைவிட நெருங்கிய உறவும் ஒன்றுண்டு. நான் இப்பயணத்தில் மிகவும் காட்ட விரும்புவது அதைத்தான்.

ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பழைய மகாபலேசுவரம் இருக்கிறது. அங்கே பஞ்சகங்கா என்னும் கோயிலில், கல்லில் செதுக்கிய பசுவின் வாயிலிருந்து நீர் விழுந்துகொண்டிருக்கும். கிருஷ்ணா, வெண்ணா, கொய்னா, காயத்திரி, சாவித்திரி என ஐந்து ஆறுகள் இங்கே தோன்றுவதாக ஐதிகம். பக்தி உள்ளவர்கள் வணங்கட்டும். புவியியல் மாணவனுக்கும் இங்கே வியப்புக்குக் குறைவில்லை. ஐந்தில் சாவித்திரி மட்டும் மேற்கே பாய்ந்து, குறுகிய ஓட்டத்தில் பாங்கோட்டு அருகே அரபிக் கடலில் கலந்துவிடுகிறது. மற்றவை கிழக்கே திரும்புகின்றன. வெண்ணா சாத்தாராவுக்கு அருகிலும், கொய்னா கராடு நகரிலும் கிருஷ்ணாவோடு சேர்கின்றன. கிருஷ்ணா, மேற்குக் கடல் பக்கத்திலேயே இருக்கவும் அதை விட்டு, 1,400 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலை அடைகிறது. ஒரே மேட்டில் அருகருகே விழும் இரண்டு மழைத்துளிகளில் ஒன்று மேற்குக் கடலுக்கும் மற்றொன்று கிழக்குக் கடலுக்கும் போகின்றன.

கொய்னாவின் கதையில் மனிதன் குறுக்கிட்டான். அணை கட்டி, அதன் நீரை மலையைக் குடைந்து மேற்கே இறக்கி, மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த நீர் வாசிட்டி ஆற்றின் வழியே அரபிக் கடலுக்குப் போகிறது. கிழக்கே போக இருந்த ஆறு, பாதி வழியில் மேற்கே திருப்பப்பட்டது. அவ்வணையின் நீர்த்தேக்கம் தபோளா வரை நீண்டு கிடக்கிறது. வெண்ணா ஏரியைக் குளம் என்று சொல்லவைக்கும் அளவுக்குப் பெரியது. அதன் அடியில் மூழ்கிய ஊர்களும் உண்டு.

கிருஷ்ணாவின் நீர் சென்னைக்கு வருவதும் மனிதன் செய்ததே. 1976-ல் மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் மூன்றும் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம், சென்னையின் குடிநீருக்கென விட்டுக்கொடுக்க இசைந்தன. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 1983-ல் தெலுங்கு கங்கைத் திட்டம் தொடங்கியது. அப்போது இங்கே எம்.ஜி.ஆரும் அங்கே என்.டி.ஆரும் முதலமைச்சர்கள். சிறீசைலம் அணையிலிருந்து சோமசிலை, கண்டலேறு வழியாகக் கால்வாயில் வந்து, 1996-ல் ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. அங்கிருந்து பூண்டி ஏரிக்கு. வழிச்சேதம் போக 12 டி.எம்.சி. கிடைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பல ஆண்டுகளில் அந்த அளவு வந்து சேரவில்லை. எனினும் வந்த ஆண்டுகளில் அது சென்னைக்கு உயிர்நீர். பூண்டிக்கு வரும் நீரில் எந்தத் துளி எந்த மலையில் விழுந்தது என்று பிரித்தறிய இயலாதுதான். ஆனாலும் மகாராட்டிரம் தன் பங்கிலிருந்து ஒரு பகுதியை, எல்லையே பகிராத ஒரு மாநிலத்துத் தலைநகருக்கு விட்டுக்கொடுத்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆற்றுநீர் என்றாலே வழக்கும் வசையுமாகப் பேசப் பழகிய நமக்கு, பஞ்சகங்காக் கோயில் முற்றத்தில் இதைப் பேசிப் பார்ப்பது நல்லது. அடுத்த அறையில் தங்கியிருக்கும் மராட்டிய நண்பர்களிடமும் சொல்லுங்கள். அவர்களிலும் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இனி மாதம். செயற்குழு தீபாவளி விடுமுறையைக் குறித்திருந்தது. அதை மாற்றும்படி கேட்டிருக்கிறேன். தீபாவளியில் மலைப்பாதையே நகராது. அறை வாடகையும் இரட்டிப்பாகும். தேர்வுகள் முடிந்ததும், டிசம்பர் முதற்பாதியில், வாரத்தின் நடு நாட்களில் போவோம். ஏரி நிறைந்திருக்கும், ஊற்றுகள் ஓடும், வானம் தெளிந்திருக்கும். தோட்டங்களில் ஸ்ட்ராபெரி பழுக்கத் தொடங்கியிருக்கும் என்பதைத் தங்கைமார் கவனிக்க.

புனேயிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். சுவார்கேட்டில் காலை முதல் எஸ்.டி. பேருந்தைப் பிடிப்போம். முதல் இறக்கம் வாய். கிருஷ்ணாவின் படித்துறையும் பெரிய பிள்ளையார் கோயிலும் அங்கே உண்டு. மராத்திக் கலைக்களஞ்சியமாகிய விசுவகோசத்தின் அலுவலகம் இச்சிறு நகரில்தான் இயங்குகிறது. 1954-ல் முதல் தொகுதி வெளிவந்த நம் கலைக்களஞ்சியத்தையும், அதன் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரனையும் அறிந்தவர்கள் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்தேனும் பார்க்காமல் வரக் கூடாது. பிறகு பசரணி மலைப்பாதை. அதில் ஏறும்போது கீழே தோம் அணையின் நீர் விரிந்து தெரியும். சன்னலோர இடத்துக்குச் சண்டை வேண்டாம், பாதி வழியில் மாறிக்கொள்ளலாம். பஞ்சகனி மேட்டு நிலத்தில் பகலுணவு. புளியோதரையும் தயிர்ச்சோறும் விடுதியிலேயே கட்டிக்கொள்வோம்.

முதல் நாள் மாலை ஏரி. மறுநாள் விடியலில் பழைய மகாபலேசுவரம். அங்கிருந்து ஆர்தர் முனை. சாவித்திரியின் பள்ளத்தாக்கு அங்கே காலடியில் பிளந்து கிடக்கும். கைப்பிடிக் கம்பியைத் தாண்டி நின்று படம் எடுப்பவர்களை நான் அடுத்த பேருந்திலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். பித்லாவும் பாக்ரியும் அங்கே கிடைக்கும், சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். மற்ற முனைகளை விட்டுவிட்டேன். வாடகை வண்டியில் பன்னிரண்டு முனைகளை நான்கு மணி நேரத்தில் சுற்றுவது பலகை எண்ணுகிற வேலை.

கொண்டுவர வேண்டியவை: கம்பளிச் சட்டை (சில ஆண்டுகளில் குளிர்கால விடியலில் ஏரிக்கரையில் பனித்துளி உறைந்து கிடப்பதுண்டு), நடப்பதற்கேற்ற காலணி, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. கடைப் புட்டி வாங்கி மலையில் எறிவது கூடாது. குரங்குகள் மிகுதி, தின்பண்டத்தைக் கையில் காட்டாதீர்கள். குளியல் ஒரு நாளைக்கு ஒரு வாளி. இதற்கு மட்டும் சிலர் முகம் சுளித்தார்கள். வாளியை நானே அளந்து பார்த்தேன். 18 லிட்டர் பிடிக்கிறது. போதும்.