மார்கழி விதைப்பில் முளைப்பு ஏன் மந்தமாகிறது?

எங்கள் பக்கம் உறைபனி கிடையாது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். சில நாள் அதற்கும் கீழே போகும். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் கடலைக்கும் பருத்திக்கும் மிளகாய்க்கும் இந்தக் குளிரே அதிகம். 25 முதல் 30 டிகிரிச் சூட்டில் விறுவிறுவென முளைக்கிற பயிர்கள் இவை. வெக்கைக் காலத்தில் ஆறேழு நாளில் தலைகாட்டும் கடலை, மார்கழிப் பட்டத்தில் பத்து, பன்னிரண்டு நாள்கூட இழுத்தடிக்கும்.

தாமதம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த ஈரத்தில் ஊறும் விதையிலிருந்து சர்க்கரைச் சத்து கசியும். மண்ணில் இருக்கும் பூஞ்சாணத்துக்கு அது விருந்து. முளை வெளியே வருவதற்குள் விதை அழுகிவிடும். தப்பி வந்த மிளகாய், கத்தரி நாற்றும் கழுத்து நைந்து சாயும். அதனால் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்காமல் குளிர்காலத்தில் கடலை போடாதீர்கள். கலக்கும் முறை தெரியாதவர்கள் வாலிகண்டபுரத்திலோ சோழமாதேவியிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மண்ணுக்கு மண் வித்தியாசம் உண்டு. குன்னம் பக்கத்து எங்கள் கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் சூடேற நேரமாகும். ஆண்டிமடத்தில் அக்கா வீட்டுச் செம்மண் சீக்கிரம் காய்ந்து சீக்கிரம் சூடாகும். ஒரே மூட்டை விதையைப் பங்கிட்டுக்கொண்டாலும் அங்கேதான் முதலில் முளைக்கும். கரிசலில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் போக வேண்டாம். மாலைத் தண்ணீரும் வேண்டாம். இரவு முழுக்கப் பாத்தி சில்லிட்டுக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு பாய்ச்சுங்கள்.

திருமானூர், தா.பழூர் பக்கம் நவரை நெல் விடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீரில் விதை ஊற வைக்காதீர்கள். மார்கழி விடியலில் போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வருமே, அதையே பிடித்து ஊறப் போடுங்கள். மூட்டம் போடும்போது வைக்கோலும் சாக்கும் கூடுதலாகப் போர்த்துங்கள். வழக்கமாக ஒரு நாளில் முளை கட்டும் விதை, குளிரில் இன்னும் அரை நாள், ஒரு நாள் கேட்கும். நாற்று வெளுத்து நின்றால் உடனே யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள். வெயில் நன்றாக அடித்தால் பல நேரம் தானே பச்சை கட்டும். நாற்றின் வயதைக் கணக்கிட நாளை எண்ணாமல் இலையை எண்ணுங்கள்.

விதை உறையில் அச்சிட்டிருக்கும் முளைப்புத்திறனையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கடலைக்குக் குறைந்தபட்சம் 70 சதவீதம், நெல்லுக்கு 80 சதவீதம் என்ற தரம் உண்மைதான். ஆனால் அது ஆய்வகத்து இதமான சூட்டில் பார்த்த கணக்கு. நான் செய்வது இது: நூறு நூறு விதையாக இரண்டு ஈரச் சாக்கில் சுருட்டி, ஒன்றை அடுப்படியிலும் இன்னொன்றை வெளித் திண்ணையிலும் வைப்பேன். புது விதை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக முளைக்கும், திண்ணையில் கொஞ்சம் பிந்தும். வீரியம் குறைந்த பழைய விதை அடுப்படியில் நன்றாக வந்து திண்ணையில் கவிழ்ந்துவிடும். அந்த விதையை மாசிக்கு ஒதுக்கிவிடலாம், அல்லது அளவைக் கூட்டிப் போடலாம்.

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்துக்கு இந்தக் கவலை குறைவு. வெங்காயம் குளிருக்குப் பழகிய பயிர். குளிர் கூடினால் பூத்தண்டு விடும். விதைக்காக வளர்ப்பவருக்கு லாபம், காய்க்காக வளர்ப்பவருக்கு நட்டம்.

கடலை முளைக்கவில்லை என்று வயலை உழுது போடும் முன் நாலைந்து இடத்தில் தோண்டிப் பாருங்கள். பருப்பு கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். கொழகொழத்து நாறினால் மறுவிதைப்புதான். விதை உறையையும் அட்டையையும் பில்லையும் பயிர் நிலைக்கும்வரை பத்திரமாக வையுங்கள். விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அவை வேண்டும்.