முதலில் அளவு, அப்புறம் ஆர்டர்

குறைந்த விலை ஸ்ட்ராட் வகை கிடாரில் நோட் சீக்கிரம் செத்துப்போனால் பழி பிக்கப் மேல் விழும். பல கிடார்களில் குறை பின்மூடிக்குள் இருக்கும் மெலிந்த ஜிங்க் அலாய் டிரெமலோ பிளாக்கில் இருக்கிறது. லியோ ஃபெண்டரின் முதல் டிரெமலோ மாதிரியிலும் ஒலி நிற்கவில்லை. 1954-ல் வெளிவந்த ஸ்ட்ராட்டில் கனமான ஸ்டீல் பிளாக் வந்தது அதனால்தான்.

செய்ய வேண்டியவை

• புது ஸ்ட்ரிங் போட்டுக் கேளுங்கள். துருப்பிடித்த ஸ்ட்ரிங்கில் எந்த பிரிட்ஜும் பாடாது.

• பிக்கப்பை இறக்குங்கள். காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்துப் பிடித்தால் சஸ்டெயின் போய்விடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி, தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி வைத்துத் தொடங்குங்கள். காசே இல்லாத அப்கிரேடு இது.

• பிரிட்ஜை அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜில் முதல் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து கடைசி ஸ்க்ரூவின் நடு வரை வின்டேஜ் ஃபெண்டர் அளவு சுமார் 56 மி.மீ.; ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் 52.5. போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

• பாடியின் தடிமனையும் பாருங்கள். மெல்லிய பாடியில் நீள பிளாக் பின்னால் துருத்தும், மூடி உட்காராது.

• அளவு சரியென்றால் ஸ்டீல் பிளாக்கை மாட்டுங்கள். கொடுத்த காசுக்குக் காதில் கேட்கும் மாற்றம் இதில்தான் அதிகம்: அடி தெளிவாகும், நோட் இன்னும் கொஞ்சம் நிற்கும். அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

• டியூனரையும் மாற்றுவதென்றால் அதன் ஸ்க்ரூவில் மெழுகு தடவுங்கள். கழுத்தின் மேப்பிள் கெட்டி மரம். ஸ்க்ரூவின் தலை முறிந்தால் மீதி உள்ளேயே தங்கிவிடும்.

செய்யக்கூடாதவை

• பார்ட் பொருந்தவில்லை என்று மரத்தைக் குடையாதீர்கள். சரியான பார்ட் கிடைக்கும், மரம் திரும்ப வராது.

• எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாது.

• எலும்பு நட் போட்டால் சோலோ நீளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃப்ரெட்டை அழுத்தியதும் ஸ்ட்ரிங் அங்கேயே முடிகிறது. நட்டின் குரல் திறந்த ஸ்ட்ரிங்கில் மட்டும்தான். டியூன் செய்யும்போது நட்டில் ‘டிக்’ என்று சத்தம் வந்தால், காடியில் பென்சில் தூள் தேய்த்துப் பாருங்கள். அரத்தை எடுக்காதீர்கள், கொஞ்சம் ஆழமானாலும் ஸ்ட்ரிங் கரகரக்கும்.

• ஸ்ட்ரிங்கைத் தளர்த்தாமல் பின்பக்க ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

• ஸ்பிரிங் கிளாவில் சால்டர் செய்த கிரவுண்ட் ஒயரை அறுத்துவிடாதீர்கள். ஆம்ப் உறும ஆரம்பிக்கும்.

• பழைய டிரெமலோ ஆர்மை புது பிளாக்கில் திணிக்காதீர்கள். ஒன்று மில்லிமீட்டர் மரை, இன்னொன்று இஞ்ச் மரையாக இருக்கலாம். முறுக்கினால் புது பிளாக்கின் மரையே அழியும். பிளாக்கோடு ஆர்மும் வருகிறதா என்று ஆர்டர் போடும்போதே கேளுங்கள்.