போர்வெல் வண்டியின் மின் அமைப்பும் அதன் பராமரிப்பும்

கிராம முன்னேற்றத்திற்கு அடிப்படை தண்ணீர். ஏற்றமும் கவலையும் இறைத்த நாளில் சில ஆள் ஆழத்திலேயே ஊற்றுக் கண்ட நிலங்கள் பலவற்றில், இன்று பாறையைத் துளைத்து ஆயிரம் அடிக்கும் கீழே செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது போர்வெல் வண்டி. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு இவ்வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து செல்லும் வண்டிகள் தமிழ்நாட்டில் மட்டுமன்றி வேறு பல மாநிலங்களிலும் துளையிடுகின்றன.

வண்டி வயலுக்கு வந்ததும் நாம் பார்ப்பது அதன் உயரத்தையும் கம்பரசரின் முழக்கத்தையுமே. அதன் பேட்டரியையும் ஒயர்களையும் எவரும் பார்ப்பதில்லை. ஆனால், விவசாயி கடன் வாங்கிப் போடும் பணம் துளையோடு மண்ணிற் போவதற்கு ஒரு தளர்ந்த ஒயர் போதும். அது எவ்வாறு என்பதையும், அதனைத் தடுக்கும் முறைகளையும் இங்கே ஆராய்வோம்.

காற்று நின்றால் துளை நிற்கும்

துளையின் அடியில் ஹேமர் எனப்படும் சம்மட்டியும், அதன் முனையிற் பிட்டும் இருக்கின்றன. கம்பரசர் அனுப்பும் அழுத்தக் காற்று, ராடுகளின் உட்புறமாக இறங்கி ஹேமரை இயக்குகிறது. உடைந்த கல் தூளை மேலே தள்ளுவதும் அதே காற்றுத்தான். ராடு ஒன்றின் நீளம் பொதுவாக 20 அடி. ஆகவே, ஆயிரம் அடியில் வேலை நடக்கும்போது துளைக்குள் 50 ராடுகள் தொங்குகின்றன.

இந்நிலையிற் கம்பரசரின் எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டால், மேலேறிக்கொண்டிருந்த தூளும் சேறும் கீழே படிந்து ஹேமரைச் சுற்றி இறுகிவிடும். விரைவில் மீண்டும் காற்றைச் செலுத்தாவிடில் ஹேமரும் ராடுகளும் துளையிலேயே சிக்கிக்கொள்ள நேரும். பல எஞ்சின்களில் டீசலைத் திறந்து வைப்பது ஒரு சிறு மின்காந்த வால்வு. அதற்குச் செல்லும் ஒயர் கழன்றால் டீசல் அடைபட்டு எஞ்சின் நிற்கும். அவ்வேளையிற் பேட்டரியும் வலுவிழந்திருந்தால் எஞ்சினை மீண்டும் கிளப்ப இயலாது. ஆகையால், மின் அமைப்பைப் பேணுவது வண்டிக்காரரின் சொந்த விஷயம் மட்டுமன்று. துளைக்குப் பணம் கொடுப்பவரின் விஷயமும் ஆகும்.

பேட்டரியைப் பேணுதல்

இவ்வண்டிகளில் வழக்கமாக 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகின்றனர். இரண்டும் ஒரே வகையாகவும் ஒரே வயதினவாகவும் இருத்தல் வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் விரைவிற் கெடும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பாட்டுப் பெட்டிக்கோ செல்போனுக்கோ கொடுப்பதும் தவறு. அதனால் ஒன்று இளைத்து, மற்றொன்று அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறும்.

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 24 வோல்ட்டுக்கு இறங்கியிருப்பின் மின்னேற்றம் பெரிதும் குறைந்துவிட்டது எனக் கொள்ளலாம். மூடி திறக்கும் பேட்டரியில் ஹைட்ராமீட்டரைக் கொண்டு திராவகத்தின் அடர்த்தியையும் பார்த்தல் நலம். முழு மின்னேற்றத்தில் அது ஏறத்தாழ 1.250 முதல் 1.280 வரை இருக்கும். ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் 0.050 குறைவாகக் காட்டினால் அவ்வறை பழுதடைந்ததாகும்.

வெப்பத்தாற் குறைவது தண்ணீரே. ஆதலின் டிஸ்டில்ட் வாட்டரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும். திராவகத்தை மேலும் ஊற்றுவதும் கேடு. பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கக் கூடியது. அதனருகே பீடி, தீக்குச்சி கூடாது. திராவகம் உடலிற் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

இணைப்பு என்னும் சிறு பொருள்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எஞ்சினைக் கிளப்பும் செல்ப் மோட்டார் 400 ஆம்பியர் மின்சாரம் இழுப்பதாகக் கொள்வோம். பேட்டரி முனையில் வெண்ணிறப் பொடி படிந்தோ, நட்டு தளர்ந்தோ, அவ்விடத்தில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டதென வைத்துக்கொள்வோம். 400-ஐ 0.01-ஆற் பெருக்கினால் 4 வோல்ட். இருக்கும் 24 வோல்ட்டில் 4 வோல்ட் வழியிலேயே வீணாகிறது. அத்துடன் அச்சிறு இணைப்பில் 1,600 வாட் வெப்பம் பிறக்கிறது. இது ஒரு பெரிய மின் அடுப்பின் வெப்பத்திற்கு ஒப்பாகும். முனை உருகுவதும் ஒயர் எரிவதும் இதனாலேயே.

பரிகாரமோ மிக எளிது. எஞ்சினை நிறுத்தி, எதிர்முனை ஒயரை முதலிற் கழற்ற வேண்டும். வெந்நீரிற் சமையல் சோடாவைக் கரைத்துத் திராவக அறைகளுக்குள் செல்லாமல் முனைகளைக் கழுவித் துடைத்து, இறுக்கி முறுக்கி, மேலே வாஸலின் தடவ வேண்டும். மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியில் மாட்டுக. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரை ஒருபோதும் கழற்றலாகாது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கெட்டுவிடும்.

ஆல்டர்னேட்டர், ஒயர்கள், பியூஸ்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டை முதலிற் பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் மின்னேற்றம் குறையும். மிகவும் இறுகினால் பேரிங் தேயும்.

ஹேமரின் அதிர்ச்சி வண்டி முழுவதும் பரவுகிறது. அதனால் நட்டுகள் தளர்கின்றன. இரும்பில் உராயும் ஒயரின் மேலுறை தேய்கிறது. கல் தூள் எங்கும் படிகிறது. நனைந்த தூள் மின்சாரம் கசிய வழியாகிறது. ஆகவே, ஒயர்களை இரும்பின் விளிம்பிற் படாமற் கவ்விகளால் இறுகக் கட்ட வேண்டும். வண்டியைக் கழுவும்போது ஆல்டர்னேட்டரையும் சுவிட்ச் பெட்டியையும் மூடி வைக்க வேண்டும். வண்டியில் வெல்டிங் செய்யுமுன் எஞ்சினை நிறுத்திப் பேட்டரி இணைப்பைக் கழற்றுதலும், வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்தருகே மாட்டுதலும் அவசியம்.

பியூஸ் எரிந்தால் காரணத்தைக் கண்டு, அதே ஆம்பியர் உள்ள பியூஸையே போட வேண்டும். கம்பி சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதை ஒக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் வெப்பம் மிகுந்தாலும் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சுகள் உண்டு. வேலை தடைப்படுகிறதென்று அவற்றை நேரடியாக இணைத்துவிடுவோர் உளர். காவலன் வாயைக் கட்டுவதால் திருடன் வராமல் இருப்பதில்லை.

தலைக்கு மேலே உள்ள மின்சாரம்

வண்டிக்குள் இருக்கும் 24 வோல்ட் எஞ்சினை நிறுத்தும். வயலின் மேலே செல்லும் 11,000 வோல்ட் ஆளையே மாய்த்துவிடும். மாஸ்ட்டை நிமிர்த்துமுன் மேலே நோக்குதல் முதற் கடமை. நிமிர்ந்த மாஸ்ட்டும் தூக்கப்படும் ராடும் கம்பிக்கு எட்டக்கூடிய இடத்தில் துளை வேண்டாம். வேறு இடம் இல்லையெனில் மின்வாரிய அலுவலகத்திற்குத் தெரிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பின்னரே தொடங்க வேண்டும். நிலத்தில் புதைந்துள்ள மோட்டார் கேபிள் செல்லும் வழியை விவசாயி முன்னதாகவே காட்டுதல் வேண்டும்.

மாஸ்ட் கம்பியிற் பட்டுவிட்டால் தரையில் நிற்பவர் வண்டியைத் தொடாமல் தூர விலகி நிற்க வேண்டும். வண்டியில் இருப்பவர், தீப்பற்றினாலன்றி, மின்சாரம் நிறுத்தப்படும்வரை இறங்கலாகாது. இறங்கியே தீர வேண்டுமெனில், வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களை ஒட்டியவாறே சிறிது சிறிதாக நகர்ந்து விலக வேண்டும்.

ஊராட்சி கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஊராட்சிப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு அமைக்க முன் அனுமதி பெறுதல் வேண்டும். அவ்வேளையில் அங்கத்தினர்கள் வண்டிக்காரரிடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம்:

1. எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஓடும்போதும் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது?
2. முனைகளும் எர்த் இணைப்பும் சுத்தமாகவும் இறுக்கமாகவும் உள்ளனவா?
3. பாதுகாப்பு சுவிட்சுகளும் அவசர நிறுத்தப் பொத்தானும் வேலை செய்கின்றனவா?
4. அதே அளவுள்ள பியூஸ்களும், மாற்று பெல்ட்டும், உலர் தூள் தீயணைப்பானும் வண்டியில் உண்டா?
5. துளையிடும் இடத்தின் மேலும் கீழும் மின்கம்பி உள்ளதா?

ராடு துளையிற் சிக்கினால் நஷ்டம் யாரைச் சேரும் என்பதையும் வேலை தொடங்குமுன் எழுதி வைத்துக்கொள்வது இரு தரத்தார்க்கும் நல்லது.

இவற்றைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும். இதற்கு ஒரு வோல்ட் மீட்டர், ஒரு ஸ்பானர், ஒரு துணி, சிறிது சமையல் சோடா ஆகியவற்றுக்கு மேல் பெருஞ் செலவும் இல்லை. ஆயிரம் அடித் துளையின் செலவையும், அங்கே நிற்பவர்களின் உயிரையும் எண்ணினால் இந்த அரை மணி நேரம் சிறிதே. மாலையில் மாட்டைக் கட்டுமுன் கயிற்றை இழுத்துப் பார்ப்பது விவசாயியின் வழக்கம். மாஸ்ட்டை நிமிர்த்துமுன் ஒயரை இழுத்துப் பார்ப்பதும் நம் கிராமங்களில் அவ்வாறே வழக்கமாதல் வேண்டும்.