போரை வென்றவர் தேர்தலில் ஏன் தோற்றார்?

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை முடிக்கும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 1945 மே 8-இல் ஜெர்மனி சரணடைந்தது. லண்டன் தெருக்களில் மக்கள் வின்ஸ்டன் சர்ச்சிலைக் கொண்டாடினார்கள். அந்த மாதம் எடுக்கப்பட்ட காலப் கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 83 பேர் அவருடைய செயல்பாட்டை ஏற்பதாகச் சொன்னார்கள். ஜூலை 26-ஆம் தேதி அவர் பிரதமர் இல்லை. இந்திய விடுதலை பற்றிய பாடத்தில் திடீரென்று அட்லி பிரதமராக வந்து நிற்கிறார். நடுவில் என்ன நடந்தது?

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல், அரசியல் கட்சிகள் பற்றிப் படித்துவிட்டுத்தான் மாணவர்கள் இங்கே வருகிறார்கள். ஆனால் ஒரு கட்சியை வாக்காளர்கள் ஏன் கைவிடுகிறார்கள் என்பதை வரையறைகளால் விளக்க முடியாது. நம் ஊர்த் தேர்தலை எடுத்துக்கொண்டால் ஐந்தாவது நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கொடிக்கம்பம் நட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் இருக்கிறது, எதிர்க்கொடி கட்டிய வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் இருக்கிறது. அரசு ஊழியராகிய நமக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே, யாருக்கும் மாமன் மச்சான் உறவில்லாத பிரிட்டன் தேர்தலை நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

முதலில் விடையைச் சொல்லாமல் மாணவர்களையே ஊகிக்கவிடுகிறேன். அநேகமாக எல்லா ஆண்டும் முதலில் வரும் பதில், "நன்றி கெட்ட ஜனங்க சார்" என்பதுதான். இரண்டாவது பதில், "எதிர்க்கட்சி காசு குடுத்திருக்கும்." இரண்டையும் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதி வைத்துவிடுகிறேன். மறுப்பதில்லை. பாடம் முடியும்போது அவை அங்கே நிற்க வேண்டுமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். இந்த இரண்டு பதில்களும் விளையாட்டுப் பேச்சு அல்ல. வாக்காளர் என்றால் யோசிக்காதவர், ஏமாறுகிறவர், விலைபோகிறவர் என்ற எண்ணத்தோடு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வெளியே போனால், மூன்று ஆண்டு கழித்துத் தன் கையில் வரும் வாக்கைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கும்.

அடுத்து எண்களைத் தருகிறேன். பிரிட்டனில் அதற்கு முந்தைய பொதுத்தேர்தல் 1935 நவம்பரில் நடந்தது. போர் காரணமாக இடையில் தேர்தல் இல்லை. 1935-இல் கன்சர்வேடிவ் கட்சி தலைமை தாங்கிய அணி 53 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது, தொழிற்கட்சி 38. 1945-இல் தொழிற்கட்சி ஏறத்தாழ 48, கன்சர்வேடிவ் கட்சியும் துணைக் கட்சிகளும் ஏறத்தாழ 40. மொத்தம் 640 இடங்களில் தொழிற்கட்சிக்கு 393, சர்ச்சில் தரப்புக்கு 213.

இந்த எண்களை வைத்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். அன்று வாக்குரிமை வயது 21. அப்படியானால் 1945-இல் எந்த வயதினர் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்திருப்பார்கள்? கணக்குப் போட்டு, 21 முதல் ஏறக்குறைய 30 வயது வரை என்று கண்டுபிடிப்பார்கள். பலர் போர்முனையில் இருந்தவர்கள். கட்சியை விட்டு விலகினார்கள் என்று நாம் சொல்லும்போது, அந்தக் கட்சிக்கு ஒருநாளும் வாக்களித்திராத ஒரு தலைமுறையும் அதற்குள் இருக்கிறது. இரண்டாவது கேள்வி: 48 விழுக்காடு வாக்குக்கு எத்தனை விழுக்காடு இடங்கள்? 61 என்று விடை வரும்போது, "அது எப்படி சார்?" என்று ஒரு குரலாவது எழும். அதைப் பின்னால் பார்ப்போம்.

இனி காரணங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தை ஒட்டி இருந்தது. வடகிழக்கில் ஜாரோ என்ற ஊரில் கப்பல் கட்டும் தளத்தை மூடினார்கள். அந்த ஊரே அதை நம்பி வாழ்ந்தது. 1936 அக்டோபரில் அங்கிருந்து 200 பேர் மனு ஒன்றைச் சுமந்துகொண்டு லண்டனுக்கு நடந்தே போனார்கள். ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு நடப்பது போல என்று சொன்னால் மாணவர்களுக்குத் தூரம் புரியும். பிரதமர் பால்ட்வின் அவர்களைச் சந்திக்கவில்லை. இது நடந்தபோது கன்சர்வேடிவ் கட்சிதான் ஆட்சியில் முக்கியப் பங்கு வகித்தது. ஹிட்லரோடு 1938-இல் மியூனிக்கில் ஒப்பந்தம் செய்த சேம்பர்லினும் அதே கட்சிக்காரர்தான். சர்ச்சில் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர். ஆனால் 1945-இல் அவர் வாக்குக் கேட்டது அந்தக் கட்சியின் தலைவராகத்தான். மக்கள் ஆளையும் கட்சியையும் பிரித்துப் பார்த்தார்கள். 83 விழுக்காடு ஒப்புதல் சர்ச்சிலுக்கு, வாக்குச்சீட்டு கட்சிக்கு. இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்கள் பிடித்துக்கொண்டாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

பிறகு போர் வந்தது. வேலையின்மை மறைந்தது. 1940 ஜனவரியிலிருந்து உணவுப் பங்கீடு. பணக்காரர் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் அதே அளவு சர்க்கரை, அதே அளவு வெண்ணெய். நம் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் அங்கே வருமானத்தைப் பார்த்து அட்டைகளைப் பிரிக்கவில்லை. ஜாரோவின் மனுவோடு இதைப் பக்கத்தில் வைத்தால் மாணவர்களே கேட்டுவிடுகிறார்கள்: போருக்கென்றால் எல்லோருக்கும் வேலையும் சோறும் தர முடிந்த அரசால், அமைதிக் காலத்தில் ஏன் முடியவில்லை? பிரிட்டன் வாக்காளர்களும் அதையேதான் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு எழுத்தில் ஒரு விடை 1942 டிசம்பரில் வந்தது. வில்லியம் பெவரிட்ஜ் தயாரித்த சமூகக் காப்பீட்டு அறிக்கை அது. வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடான வாழிடம், வேலையின்மை என்ற ஐந்தையும் ஒழிக்க வேண்டிய அரக்கர்களாக அது காட்டியது. அரசு அறிக்கையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? சுருக்கப் பதிப்பையும் சேர்த்து ஆறு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. சர்ச்சில் அதை நிராகரிக்கவில்லை. செலவை நினைத்துத் தயங்கினார், போர் முடியட்டும் என்றார். தொழிற்கட்சி அதை முழு மனதோடு ஏற்றது. வாக்காளர் கண்ணுக்கு இந்தத் தயக்கம் பழைய கதையாகத் தெரிந்தது. 1918-இல் முதல் உலகப்போர் முடிந்தபோதும் திரும்பி வரும் வீரர்களுக்குத் தகுந்த வீடுகள் கட்டித் தருவதாக வாக்குறுதி தரப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தத் திட்டத்துக்கான பணம் வெட்டப்பட்டது. 1945-இல் குண்டுவீச்சில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் குடியிருக்க முடியாமல் போயிருந்தன. மக்கள் மனதில் முதலில் நின்ற பிரச்சினை வீடுதான். சென்ற ஆண்டு ஒரு மாணவி சொன்னாள்: "அவரு சண்டையில ஜெயிச்சுக் குடுத்தாரு, சரி. வீடு யாரு சார் கட்டுவாங்க?" இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

எதிர்க்கட்சியின் மீது நம்பிக்கை இல்லாவிட்டால் வெறுப்பு மட்டும் ஆட்சியை மாற்றாது. தொழிற்கட்சித் தலைவர்கள் ஐந்து ஆண்டுகள் சர்ச்சிலின் கூட்டணி அரசிலேயே இருந்தார்கள். அட்லி துணைப் பிரதமர். எர்னஸ்ட் பெவின் தொழிலாளர் துறை அமைச்சர். ஹெர்பர்ட் மாரிசன் உள்துறை. இவர்களுக்கு நாடு ஆளத் தெரியுமா என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போனது.

இந்த நிலையில்தான் சர்ச்சில் ஜூன் 4-ஆம் தேதி வானொலியில் பேசினார். தொழிற்கட்சியின் சோசலிச ஆட்சி நடக்க வேண்டுமானால் கெஸ்டபோ போன்ற ஏதோ ஒன்று தேவைப்படும் என்றார். கெஸ்டபோ ஹிட்லரின் ரகசியப் போலீஸ். கேட்டவர்கள் திகைத்தார்கள். நேற்று வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போரை நடத்திய அட்லியையா சொல்கிறார்? மறுநாள் அட்லி அமைதியாகப் பதில் சொன்னார். போர்க்காலத் தலைவர் சர்ச்சிலுக்கும் கட்சித் தலைவர் சர்ச்சிலுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று வாக்காளர் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பேச்சு போலும் என்ற பொருளில் பேசினார். அந்த ஒரு பேச்சால் தேர்தல் தோற்றது என்று நான் கற்பிப்பதில்லை. கருத்துக்கணிப்புகள் அதற்கு முன்பே தொழிற்கட்சி முன்னிலையில் இருப்பதைக் காட்டின. யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் எதிராளியை மிகையாகத் தாக்கினால் அது யார் மேல் விழுகிறது என்று விவாதிக்க நல்ல எடுத்துக்காட்டு.

ஜூலை 5-இல் வாக்குப்பதிவு. வெளிநாடுகளில் இருந்த படைவீரர்களின் வாக்குகள் வந்துசேர வேண்டியிருந்ததால் மூன்று வாரம் கழித்துத்தான் எண்ணினார்கள். இடையில் சர்ச்சில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் மாநாட்டில் ஸ்டாலினோடும் ட்ரூமனோடும் பேசிக்கொண்டிருந்தார். முடிவு தெரிந்துகொள்ள லண்டன் வந்தார். மாநாட்டுக்குத் திரும்பிப் போனது அட்லி. வகுப்பில் இந்தக் காட்சியைச் சொல்லும்போது அமைதி தானாக வரும்.

குழுச் செயல்பாட்டுக்கு ஐந்து அட்டைகள் தயாரித்துக்கொள்கிறேன்: ஜாரோவில் வேலையிழந்த தொழிலாளி, குண்டுவீச்சில் வீடிழந்த தாய், பர்மா முனையில் இன்னும் போரிடும் சிப்பாய், வரி உயருமோ என்று அஞ்சும் கடைக்காரர், சர்ச்சிலைத் தெய்வமாக நினைக்கும் முதியவர். ஒவ்வொரு குழுவும் தன் வாக்கையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். கடைக்காரரும் முதியவரும் பெரும்பாலும் சர்ச்சிலுக்கே போடுகிறார்கள். போடட்டும். நூற்றுக்கு நாற்பது பேர் அப்படித்தான் போட்டார்கள், அவர்களுக்கும் காரணம் இருந்தது. இந்தியாவுக்கு விடுதலை தருவதற்காகத்தான் அட்லியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லச் சில குழுக்கள் ஆசைப்படுவார்கள். அந்தத் தேர்தலில் இந்தியா பெரிய பிரச்சினையாக இல்லை என்பதை அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 1946-இல் அமைச்சரவைத் தூதுக்குழு வந்ததும் 1947-இல் விடுதலை வந்ததும் அட்லி ஆட்சியில் என்பது உண்மை. வாக்களித்தவர்கள் மனதில் இருந்தது வீடும் வேலையும்.

செயல்பாடு முடிந்ததும் மூலையில் எழுதிய இரண்டு பதில்களைக் காட்டுகிறேன். "நன்றி கெட்ட" என்பதை அவர்களே அழிக்கச் சொல்கிறார்கள். காசு பற்றிய வரியில் விவாதம் தொடரும். அதை நான் அவசரப்பட்டு முடித்துவைப்பதில்லை.

ஒரு பாடவேளை மீதமிருந்தால் 1951-க்குப் போகலாம். தொழிற்கட்சி 1948 ஜூலையில் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. ஆனால் பங்கீடு நீடித்தது. போரின்போதுகூட இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946-இல் வந்தது. 1951-இல் மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதிக்க முடிவெடுத்தபோது கட்சிக்குள்ளேயே பிளவு. அந்த ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு 48.8 விழுக்காடு வாக்கு, 295 இடங்கள். கன்சர்வேடிவ் தரப்புக்கு 48.0 விழுக்காடு, 321 இடங்கள். அதிக வாக்கு வாங்கியவர் தோற்க, 76 வயதில் சர்ச்சில் மீண்டும் பிரதமரானார். சுகாதாரச் சேவையை அவர் கலைக்கவில்லை. "அது எப்படி சார்?" என்று முதலில் கேட்ட மாணவனுக்கு இங்கே வேலை இருக்கிறது. ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு நூறு வாக்கு என்று வைத்துக்கொண்டு, குறைந்த வாக்கில் அதிக இடம் வெல்லும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எங்கள் பள்ளியில் அந்தக் கணக்கை நான் கணித ஆசிரியரின் பாடவேளைக்கு அனுப்பிவிடுகிறேன்.