இரத்தத்தில் மறதியைத் தேடும் காந்தத் துகள்கள்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள அரிய மணல் ஆலையில் இல்மனைட்டையும் சிர்க்கானையும் பிரிப்பது எப்படி? வலிமையான காந்தப்புலத்தில் மணலைச் செலுத்தினால் இல்மனைட் இழுபடும், சிர்க்கான் இழுபடாது. இதே உத்தியை இரத்தத்தில் கையாண்டு ஒரு நோயைக் கண்டுபிடிக்கலாமா?

1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் விவரித்த மறதி நோயைச் சொல்கிறேன். இந்நோயில் அமிலாய்டு பீட்டா என்னும் புரதம் மூளையில் திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ என்னும் மற்றொரு புரதம் முறுக்கிக்கொள்கிறது. நினைவு மங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடுகிறது என்பதுதான் கொடுமை. இப்புரதங்கள் இரத்தத்திலும் உண்டு. ஆனால் அளவோ பிக்கோகிராம் கணக்கில்! ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

புரதம் காந்தத்துக்கு அசையாது. ஆகவே அதற்கு ஒரு காந்தக் கைப்பிடி பொருத்த வேண்டும். மேக்னட்டைட் என்னும் இரும்பு ஆக்சைடை நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கி, அவற்றின்மேல் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை ஒட்டுகிறார்கள். ஏன் இத்தனை சிறிதாக? அந்த அளவில் மேக்னட்டைட் மீபாரா காந்தமாகிறது. புலம் இருக்கும்வரை காந்தம். புலத்தை நீக்கினால் காந்தத்தன்மை மிஞ்சாது. அதனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை.

தைவானில் உருவான முறை அழகானது. துகள்கள் கலந்த இரத்த நீர்மத்தை மாறுதிசைக் காந்தப்புலத்தில் வைக்கிறார்கள். துகள்கள் புலத்துக்கேற்பத் திரும்பித் திரும்பி ஆடும். புரதத்தைப் பற்றியவை பருத்துவிடுவதால் அவற்றின் ஆட்டம் தளரும். நீர்மத்தின் காந்த ஏற்புத்திறன் குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு புரதம்! இந்நுண்ணிய குறைவை ஸ்குயிட் என்னும் மீக்கடத்திக் கருவி அளக்கிறது. ஸ்குயிட்களைக் கொண்டு மூளையின் காந்தப்புலத்தையே அளக்கும் அமைப்பை நம் கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தார் செய்திருக்கிறார்கள்.

"இரத்தத்திலேயே இரும்பு இருக்கிறதே, குழப்பாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த இரும்பு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. சிவப்பணுக்களை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள். தவிரவும், மேக்னட்டைட்டோடு ஒப்பிட்டால் அதன் காந்தத்தன்மை மிகமிக அற்பம்.

2025 மே மாதம் அமெரிக்கா முதன்முதலாக ஓர் அல்சைமர் இரத்தச் சோதனைக்கு அனுமதி வழங்கியது. அதிலும் புரதத்தைப் பிடிப்பது எதிர்ப்பொருள் பூசிய காந்தத் துகள்களே. அளப்பது மட்டும் ஒளியால். அறிகுறிகள் உள்ள, 55 வயது கடந்தவர்களுக்கே அந்தச் சோதனை. முடிவைப் பிற பரிசோதனைகளோடு சேர்த்தே மருத்துவர் பார்ப்பார். தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவதற்கு இது தேவையில்லை.