துடைக்க முதல் பிரித்து வையுங்கள்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வேலைக்காகக் கொழும்புக்குப் போனபோது விட்டுச் சென்ற மேசைக் கணினி வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 10. அதன் சி டிரைவ் சிவப்பாகி, இடம் போதாது என்று ஒவ்வொரு நாளும் அறிவிக்கிறது. பக்கத்து வீட்டுப் பொடியன், "ரெம்ப் எல்லாத்தையும் அழிச்சு விட்டால் சரி, ரீச்சர்" என்கிறான். கடையில் கேட்டேன். போமற் செய்து தருகிறோம் என்றார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

2009இல் போருக்குள் எங்கள் படங்களும் பத்திரங்களும் எல்லாம் போய்விட்டன. பிறகு கனடாவில் உள்ள தம்பியும் சுவிசில் உள்ள மச்சாளும் தங்களிடம் இருந்த பழைய படங்களை அனுப்பினார்கள். திரும்ப எடுத்த காணிப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஸ்கான் செய்து இதற்குள்தான் வைத்திருக்கிறேன். எது எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எதை அழிக்கலாம்? எதைத் தொடக்கூடாது?

வாசகி, முள்ளியவளை

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

ரெம்ப் எனப்படும் தற்காலிகக் கோப்புகளைத் தாராளமாக அழிக்கலாம். அதனால் கணினிக்குக் கேடு வராது. போமற் செய்ய வேண்டாம், அது உங்கள் படங்களையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். ஆனால் எது எங்கே கிடக்கிறது என்று தெரியாது என எழுதியிருக்கிறீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கணினி குப்பை என்று கருதும் இடங்களில் நாம் நம்முடைய பொருட்களை வைத்துவிடுகிறோம். ஆகவே முதலில் உங்களுடையதைப் பிரித்து எடுங்கள், அதன் பிறகு துடையுங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதவரை நீங்கள் எதையும் இழக்கமாட்டீர்கள்.

ரெம்ப் கோப்பு எப்படி உருவாகிறது?

வீடு கட்டும்போது மேசன்மார் சாரம் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். தற்காலிகக் கோப்பும் அப்படித்தான். மென்பொருளை நிறுவும்போது அதன் பொதி முதலில் ரெம்ப் கோப்புறையில் விரிக்கப்படும். வேர்டில் கடிதம் எழுதும்போது வேலைப் பிரதிகள் சில உருவாகும். அச்சிடும்போதும், படங்களின் சிறு உருவைத் திரையில் காட்டும்போதும், விண்டோஸ் தன்னை மேம்படுத்திக்கொள்ளும்போதும் இப்படியான கோப்புகள் பிறக்கும். மென்பொருளை ஒழுங்காக மூடினால் பெரும்பாலானவற்றை அதுவே அழித்துவிடும்.

நம் பகுதியில் அது ஒழுங்காக மூடப்படாமல் போவதுதான் அதிகம். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இப்போதும் மழையும் காற்றும் வந்தால் கரண்ட் போகிறது. யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினி அந்தக் கணமே அணைந்துவிடும். தன் கோப்புகளை அழிக்க மென்பொருளுக்கு நேரம் கிடைக்காததால் அவை அப்படியே தங்கிவிடும். சில ஆண்டுகள் இப்படிச் சேர்ந்தால் சிறிய டிரைவ் நிரம்பிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மீட்டுத் தருவதும் இப்படியான ஒரு கோப்புத்தான். வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்புப் பிரதி எடுக்கிறது. பெயரிட்டுச் சேமிக்காத ஆவணத்தின் பிரதியை 4 நாள் வரைதான் வைத்திருக்கும். எனவே மின்வெட்டுக்குப் பிறகு முதல் வேலையாக வேர்டைத் திறந்து, இடது பக்கம் மீட்ட ஆவணம் ஏதும் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் பெயர் வைத்துச் சேமியுங்கள். துப்புரவு வேலையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பொருள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

முதலாவது இடம் டவுன்லோட்ஸ். தம்பி மின்னஞ்சலில் அனுப்பிய படமும் வட்ஸ்அப்பில் வந்த ஆவணமும் பெரும்பாலும் இங்கேதான் வந்து விழுந்திருக்கும். பெயரைப் பார்த்தால் வெறும் இலக்கங்களாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும். 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், டிஸ்க் கிளீனப் என்ற துப்புரவுக் கருவியின் பட்டியலில் டவுன்லோட்ஸையும் சேர்த்திருந்தார்கள். வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சரி போட்டவர்கள் தங்கள் சொந்தக் கோப்புகளையே இழந்தார்கள். பிறகு அதை அந்தக் கருவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் செற்றிங்ஸ் வழியாகப் போகும் பட்டியலில் அது இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, ரீசைக்கிள் பின். பிறகு பார்க்கலாம் என்று பலர் அதற்குள் போட்டு வைக்கிறார்கள். தவறுதலாக அழிந்ததும் அங்கேதான் கிடக்கும். வெறுமையாக்க முதல் ஒரு தடவை முழுவதும் பாருங்கள்.

மூன்றாவது, ரெம்ப் கோப்புறையே. மின்னஞ்சல் மென்பொருளில் இணைப்பைச் சேமிக்காமல் நேரே திறந்தாலும், சிப் பொதிக்குள் இருக்கும் ஆவணத்தை வெளியே எடுக்காமல் இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ரெம்ப் போன்ற தற்காலிக இடத்தில் உள்ள பிரதியைத்தான். அதில் திருத்தி வெறுமனே சேவ் கொடுத்தால் உங்கள் திருத்தம் தற்காலிக இடத்திலேயே தங்கிவிடும். அண்மையில் இப்படி ஏதும் வேலை செய்திருந்தால் ரெம்பைத் திறந்து, திகதி வாரியாக அடுக்கி, வேர்ட், பி.டி.எப்., படக் கோப்புகள் உள்ளனவா என்று தேடுங்கள்.

நான்காவது, பழைய விண்டோஸ். கணினியில் யாராவது விண்டோஸை மறுபடி நிறுவியிருந்தால், முன்பு இருந்தவை விண்டோஸ் ஓல்ட் என்ற கோப்புறைக்குள் ஒதுக்கப்பட்டிருக்கலாம். துப்புரவுப் பட்டியலில் அது முந்திய விண்டோஸ் நிறுவல் என்ற பொருளில் தெரியும். அதற்குள் யூசர்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து பார்த்த பின்னரே அதை அழிக்கலாம்.

பாமினியில் எழுதிய பழைய கோப்புகள் பற்றியும் சொல்ல வேண்டும். யூனிகோட் பரவ முதல் நம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியான கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடப்பதாகத் தெரியும். விவரம் அறியாத பிள்ளைகள் பழுதான கோப்பு என்று அழித்துவிடுவார்கள். அது உங்கள் வினாத்தாளாகவோ கோயில் மலர்க் கட்டுரையாகவோ இருக்கலாம். அழிக்காமல் வைத்திருங்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதேபோல, இடம் பிடிக்கிறது என்று போன்ட்ஸ் கோப்புறையில் கை வைக்க வேண்டாம்.

அழிக்க முதல் பிரதி

ஒரு வெளி வன்தட்டு வாங்குங்கள். நான் சொன்ன இடங்களில் கண்டெடுத்தவற்றையும் டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றில் உள்ளவற்றையும் அதற்குப் பிரதி செய்யுங்கள். பிரதி செய்ததும் வெளி வன்தட்டில் உள்ள சில படங்களையும் பத்திரங்களையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பிரதி. சி நிரம்பினால் டி டிரைவுக்கு மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பல கணினிகளில் இரண்டும் ஒரே தட்டின் இரு பிரிவுகள்தான், தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஆவணக் காப்பில் உள்ளவர்கள் சொல்லும் நெறி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு நூலகத்தில் மட்டும் இருந்த ஓலைகளும் நூல்களும் 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்தன. ஒரே பெட்டிக்குள் இருந்த குடும்பப் படங்கள் 2009இல் இடம்பெயர்ந்த வழிகளில் தொலைந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் நம் ஏடுகளையும் நூல்களையும் எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்திருப்பது இந்த அனுபவத்தின் பின்னணியில்தான் பெறுமதி பெறுகிறது. உங்கள் குடும்பத்துக்கும் அதே ஏற்பாட்டைச் செய்யலாம். ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று கனடாவில் தம்பியிடம். வெளி வன்தட்டை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு மேம்படுத்தல் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் கணினிக்குள் வைரஸ் வர வாய்ப்புக் கூடுகிறது, வன்தட்டு எப்போதும் செருகியே இருந்தால் வைரஸ் அதையும் பிடிக்கும்.

இனித் துடைக்கலாம்

கணினியை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதியில் நிற்கும் மேம்படுத்தல் இருந்தால் முடியட்டும். பிறகு செற்றிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய், ரெம்பரரி பைல்ஸ் என்பதைத் திறந்தால் பட்டியல் வரும். மேம்படுத்தல் எச்சங்கள், டெலிவரி ஒப்டிமைசேசன், படங்களின் சிற்றுருக்கள், பிழை அறிக்கைகள், ரெம்பரரி பைல்ஸ் ஆகியவற்றுக்குச் சரி போடலாம். டவுன்லோட்ஸுக்குச் சரி விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ரிமூவ் பைல்ஸை அழுத்துங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவும் போதும்.

பக்கத்து வீட்டுப் பொடியன் சொன்ன வழியும் பிழையல்ல. விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ரெம்ப் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அந்தக் கோப்புறை திறக்கும். எல்லாவற்றையும் தெரிவு செய்ய வேண்டாம். திகதி வாரியாக அடுக்கி, கடந்த ஒரு கிழமைக்குள் உருவானவற்றை விட்டுவிட்டுப் பழையதை மட்டும் அழியுங்கள். ஏதாவது கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று கணினி சொன்னால் ஸ்கிப் கொடுத்துவிட்டுப் போங்கள். அதை வலிந்து அழிக்கத் தேவையில்லை.

குரோம் போன்ற உலாவிகளின் கேஷையும் அழிக்கலாம், ஆனால் அடிக்கடி வேண்டாம். ஒரு தடவை வந்த படங்களை வைத்திருந்து டேற்றாவை மிச்சப்படுத்துவதற்குத்தான் அது இருக்கிறது. போன் டேற்றாவில் இணையம் பார்க்கும் வீட்டில் அதை அழித்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்கக் காசு போகும். அதே பட்டியலில் குக்கீஸ், பாஸ்வேர்ட் என்று இருக்கும். அவற்றுக்குச் சரி போட்டால் கணக்குகளில் இருந்து வெளியேற்றப்படுவீர்கள், சேமித்த கடவுச்சொற்களும் போய்விடும்.

தொடக்கூடாதவை

விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம் 32, வின் எஸ்எக்ஸ்எஸ், பிரிபெச் ஆகியவற்றுக்குள் கையால் எதையும் அழிக்க வேண்டாம். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருளும் வேண்டாம். கணினியை ஒரே சொடுக்கில் வேகமாக்குவதாக விளம்பரம் வரும். 2017இல் சிகிளீனர் என்ற பெயர் பெற்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்புக்குள்ளேயே ஊடுருவிகள் தீநிரலைப் புகுத்தினார்கள். 22 இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்கு அந்தப் பதிப்பு போயிருந்தது. விண்டோஸுடன் வரும் கருவியே இந்த வேலையைச் செய்யும்போது வெளியாருக்கு வீட்டுத் திறப்பைக் கொடுக்கத் தேவையில்லை.

இவ்வளவு செய்தும் இடம் போதாவிட்டால் காரணம் ரெம்ப் கோப்புகள் அல்ல. திருமண வீடியோக்கள், வட்ஸ்அப் காணொளிகள், மகன் ஏற்றிய விளையாட்டுகள் போன்றவைதான் பெரும் இடத்தைப் பிடிக்கும். வேண்டியதை வெளி வன்தட்டுகளுக்கு மாற்றுங்கள். ஒரே பிரதியாக ஒரு வன்தட்டில் மட்டும் விடாதீர்கள். கணினி மெதுவாக இயங்குவதும் வேறு பிரச்சினை. டிரைவ் முட்ட நிரம்பியிருந்தால் துடைத்த பிறகு கொஞ்சம் தேறும். இல்லாவிட்டால் நினைவகம் போதாமையோ பழைய சுழல் தட்டோ காரணமாக இருக்கும்.

தவறி எதையாவது அழித்துவிட்டால் பதற வேண்டாம். முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் நிறுவினால், மீட்க வேண்டிய கோப்பின் மேலேயே அது எழுதிவிடக்கூடும். சுழலும் வன்தட்டில் அழித்த கோப்பு, அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை கிடக்கும். எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் அந்த இடத்தைக் காலியாக்கும்படி உடனேயே தட்டுக்குச் சொல்லிவிடும், மீட்க வாய்ப்பு மிகக் குறைவு. பிரதி எடுத்துவிட்டுத் துடையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, காணிப் பத்திரத்தை அச்சிடக் கடைக்கு அனுப்பும்போது அதன் பிரதி அந்தக் கணினியின் டவுன்லோட்ஸிலும் தங்குகிறது. அச்செடுத்ததும் அதை அழித்து ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கடைக் கணினியில் உங்கள் வட்ஸ்அப்பைத் திறந்திருந்தால் போனில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்துக்குப் போய் அதைத் துண்டித்துவிடுங்கள்.

அவசரப்படாமல் ஒரு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள், ரீச்சர். அந்தப் பொடியனையும் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, படங்களை ஆண்டு வாரியாகவும் பத்திரங்களை ஆள் வாரியாகவும் பெயரிட்டு அடுக்குங்கள். யார் படம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று இப்போது உங்களால் மட்டுமே சொல்ல முடியும். அவன் தட்டச்சு செய்யட்டும், நீங்கள் சொல்லுங்கள். அந்த வேலை முடிந்த பிறகு ரெம்ப் கோப்புறையை அவனே துடைக்கட்டும்.